நகரைக் காத்த சாமானியர்கள்!

நாட்டைக் காப்பது ராணுவத்தின் வேலை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முறையான ராணுவம்கூட இல்லாத ஒரு நாட்டின் மீது ஆக்கிரமிப்பாளன் பாய்ந்தால் என்ன செய்வது? இதற்கு போஸ்னிய மக்கள் ரத்தம் சிந்திப் பதில் சொன்னார்கள்.

1992 மார்ச்சில் பொது வாக்கெடுப்பின் மூலம் போஸ்னியா தனி நாடானது. மறுமாதமே தலைநகர் சரயேவோவைச் சுற்றியுள்ள மலைகளில் போஸ்னிய செர்பியப் படைகள் பீரங்கிகளை நிறுத்தின. பழைய யூகோஸ்லாவிய ராணுவத்தின் ஆயுதங்கள் அவர்கள் கையில்! 1991இல் ஐ.நா. விதித்த ஆயுதத் தடையோ அடிப்பவனையும் அடிபடுபவனையும் ஒன்றாகவே கட்டிப்போட்டது. முற்றுகை 1,425 நாட்கள் நீடித்தது. மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. 1994 பிப்ரவரி 5 அன்று மார்க்கலே சந்தையில் விழுந்த ஒரே குண்டுக்கு 68 பேர் பலியானார்கள்.

சரயேவோ பணிந்ததா? இல்லை!

மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு விமான நிலையத்துக்கு அடியில் சுமார் 800 மீட்டர் சுரங்கம் தோண்டினார்கள். 1993இல் இரு முனைகளும் சந்தித்தன. ஆள் குனிந்தே போக வேண்டிய அந்தப் பாதை வழியாக உணவும் மருந்தும் ஆயுதமும் நகருக்குள் வந்தன. ‘ஓஸ்லோபோஜெனியே’ நாளிதழின் கட்டடம் தகர்க்கப்பட்டது. ஆனால் முஸ்லிம்களும் செர்பியர்களும் குரோஷியர்களும் சேர்ந்து நிலவறையிலிருந்து பத்திரிகையைத் தொடர்ந்து கொண்டுவந்தார்கள். யூதர்களின் சேவை அமைப்பான லா பெனெவோலென்சியா மதம் பாராமல் மருந்தும் உணவும் வழங்கியது. நகரைக் காத்த படையின் துணைத் தளபதிகளில் ஒருவரான ஜோவன் டிவ்யாக் ஒரு செர்பியர்! அண்டை வீட்டாரைப் பகைவராக்கும் சூழ்ச்சி அங்கே முழுமையாகப் பலிக்கவில்லை.

அந்த வயலிலும் களைகள் முளைத்தன. காவலர் என்று துப்பாக்கி ஏந்திய சிலரே கள்ளச் சந்தை நடத்தினார்கள். அப்பாவி செர்பியர்களைக் கொன்றார்கள். எதிரி வாசலில் நிற்கும்போது நம்மவர் மீது கை வைப்பதா என்று போஸ்னிய அரசு சும்மா இருந்துவிடவில்லை. 1993 அக்டோபரில், முற்றுகைக்கு நடுவிலேயே, தன் படைக்குள்ளிருந்த அந்தக் கும்பல்களை ஒடுக்கியது. அந்நடவடிக்கையில் காவல்துறையினர் சிலர் உயிரையும் கொடுத்தார்கள்.

சகோதரர்களே! இதுதான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம். பகைவன் விஷயத்திலும் நீதி தவறாதே என்று மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அநியாயத்தை எதிர்க்கப் புறப்பட்டவன் அண்டை வீட்டாருக்கு அநியாயம் செய்தால், அவனுக்கும் ஆக்கிரமிப்பாளனுக்கும் என்ன வித்தியாசம்?

இளைஞர்களே! ஆயுதம் தூக்குவது மட்டும்தான் வீரம் என்று எண்ணாதீர்கள். சுரங்கத்தில் மண் சுமந்தவனும் வீரன்தான். வணிகப் பெருமக்களே! பஞ்ச காலத்தில் பதுக்காமல் நியாய விலைக்கு விற்பவரும் நாட்டின் காவலரே.

2012இல், முற்றுகை தொடங்கிய இருபதாம் ஆண்டில், சரயேவோ வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாக வைத்தார்கள். கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு காலி நாற்காலி! அந்த விலையைக் கொடுத்துத்தான் அம்மக்கள் தங்கள் நகரைக் காத்தார்கள்.