வினாக்கொத்தோட போன நாங்கள்

மூன்றாம் வருசக் களஆய்வுக்காக நாங்கள் ஐந்து பேர் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வயற்கிராமத்துக்குப் போனோம். காலநிலை மாற்றத்துக்கு நெற்செய்கையாளர் எப்படி இசைவாக்கம் அடைகிறார்கள் என்பது தலைப்பு. கையில நாலு பக்க வினாக்கொத்து. பதினோராவது கேள்வி: "காலநிலை மாற்றம் பற்றிக் கேள்விப்பட்டுள்ளீர்களா? ஆம் / இல்லை." ஒரு அம்மா யோசிக்காமல் "இல்லைப் பிள்ளை" எண்டா. நாங்களும் 'இல்லை'யில சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனோம்.

பிறகு தேத்தண்ணி குடிக்கேக்க அதே அம்மா கதைக்கத் தொடங்கினா. "முந்தி ஆவணிக் கடைசியில புழுதி விதைப்பு விதைச்சால் புரட்டாதி மழைக்கு முளைச்சிடும். இப்ப மழை எப்ப வருமெண்டே தெரியாது. முளைச்சது காயுது. தப்பினது கார்த்திகையில தண்ணிக்குள்ள நிண்டு அழுகுது. அதால மேட்டுக்கு ஒரு நெல், பள்ளத்துக்கு வேற நெல் எண்டு போடுறம்."

காலநிலை மாற்றத்தையும் இசைவாக்கத்தையும் இதைவிடத் தெளிவா எந்த விரிவுரையிலும் நாங்கள் கேட்கவில்லை. ஆனால் எங்கட தாளில அவ 'கேள்விப்படாதவர்'. அந்தச் 'சரி'யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வடக்கில மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்குள்ள பெய்து முடிந்துவிடும். காலபோகம் அதை நம்பித்தான் இருக்குது. 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்க, கிளிநொச்சி வெள்ளத்தில் நின்றது. 2020இல் புரெவி, 2024 கார்த்திகையில் பெங்கல், 2025 கார்த்திகையில் டித்வா. எல்லாம் பயிர் வயலில நிக்கிற நேரம். ஒரு தனிப் புயலைக் காட்டி "இதுதான் காலநிலை மாற்றம்" எண்டு சொல்ல ஏலாது. ஆனால் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதால மழை கொட்டுற நேரம் முந்தியைவிடக் கூடக் கொட்டும்.

ஆய்வே நடக்கவில்லை எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் 1952இல் இருந்து புதிய இனங்களைத் தருகிறது. பி.ஜி 250 இரண்டரை மாத நெல், குளத்துத் தண்ணி முடிய முதல் வெட்டிப்போடலாம். ஏ.ரி 354 உவரை ஓரளவு தாங்கும். இவை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

ஆனால் விதை ஒரு பகுதி மட்டும்தான். குத்தகைக்கு எடுத்த காணியை, அடுத்த போகம் கிடைக்குமோ எண்டு தெரியாமல் ஒருவர் காசு போட்டு மட்டப்படுத்துவாரா? நகை அடகு வைத்து விதைத்தவருக்கு, விலை ஏறும் வரை நெல்லைக் கட்டி வைக்க முடியுமா? சிறுபோகத்தில் குளத்தில் நிற்கிற தண்ணியைப் பார்த்து எத்தனை ஏக்கர் செய்வது எண்டு கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாருடைய குரல் எடுபடுது? அரச காணி அனுமதிப்பத்திரங்களுக்கான 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், வாரிசுரிமையில் மகளை விட மகனுக்கு முன்னுரிமை கொடுத்தது. அது திருத்தப்பட்டது 2022இல்தான். வயலில் பாதி வேலை பார்க்கிற பெண்ணின் பெயர் காணிப் பத்திரத்தில் இல்லையெண்டால், வெள்ள நட்டஈடு யார் கைக்குப் போகும்?

இதெல்லாம் கலைப்பீடத்துக் கேள்விகள். புவியியல், சமூகவியல், பொருளியல், வரலாறு, தமிழ் எண்டு எல்லாத்துக்கும் இதில வேலை இருக்கு. "அது விவசாய பீடத்தின்ர தலைப்பு" எண்டு நாங்கள் ஒதுங்கியிருந்ததுதான் பிழை.

ஒரு மறுப்பு வரும்: சனத்தின் ஞாபகம் தரவு ஆகுமா? ஆகாது எண்டுதான் நாங்களும் சொல்லுறம். "முந்தி எல்லாம் ஒழுங்கா மழை பெய்தது" என்கிற நினைவும் பிழைக்கலாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைப் பதிவுகளோட அதை ஒப்பிட்டுப் பார்க்க வேணும். ஆனால் மழைமானி மழையை மட்டும்தான் அளக்கும். அந்த மழைக்கு ஒரு குடும்பம் என்ன செய்தது எண்டதை அந்தக் குடும்பத்திட்டத்தான் கேட்க வேணும். கமக்காரரைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதை 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெண்டு தடை செய்தபோது நாடே பார்த்தது.

அப்ப என்ன செய்யலாம்? முதலாவது, 'ஆம் / இல்லை'க்கு முதல் "கடைசிப் பத்து வருசத்தில விதைப்பில என்னத்தை மாத்தினீங்கள்?" எண்டு கேட்பம். இரண்டாவது, ஒவ்வொரு வருசமும் புதுக் கிராமம் தேடாமல், எங்களுக்குப் பிறகு வாற அணியும் அதே ஊருக்குப் போகட்டும். ஒரு போகத்தைப் பார்த்து இசைவாக்கம் பற்றி எழுத ஏலாது. மூன்றாவது, பழைய நெல்லினங்களின் விதைகள் கன்னொறுவையில் உள்ள மரபணு வள நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் மொட்டைக்கறுப்பனை எந்த நிலத்தில், எந்த மாதம், ஏன் போட்டார்கள் என்ற அறிவு வயதுபோன ஆக்களிட்டத்தான் இருக்கு. அதைப் பதிவு செய்ய ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு போன் போதும். நாலாவது, முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முதல் அந்த ஊருக்குக் கொண்டுபோய்க் குடுப்பம்.

இந்த நாலாவதைச் சொல்ல எங்களுக்கே வெட்கமாத்தான் இருக்கு. எங்கட அறிக்கை கறுப்பு மட்டை போட்டுக் கட்டி, புள்ளியும் வாங்கியாச்சு. வெளிக்கிடேக்க அந்த அம்மா, "போன வருசமும் பிள்ளையள் வந்து எழுதிக்கொண்டு போனவை. பிறகு ஒண்டும் தெரியாது" எண்டு சொன்னவ. கோபமாச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னா. நாங்களும் இன்னும் திரும்பிப் போகவில்லை. வாற ஆவணியில புழுதி விதைப்புத் தொடங்க முதல் போக வேணும். பதினோராவது கேள்விக்கு அவ சொன்ன உண்மையான பதிலையும் எழுதிக்கொண்டு.