ஸ்கூல் டூர் சிங்கப்பூருக்கு... கேட்கும் தொகை நியாயமா? கணக்குப் பார்ப்பது எப்படி?

ஐந்து நாள் சிங்கப்பூர், தலைக்கு ரூ.95,000, வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம். பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வருவதாக வைத்துக்கொள்வோம். சங்கரன்கோவில் பக்கம் பனவடலிசத்திரம் மாதிரி ஊர்களில், பல வீடுகளுக்கு இது நகையை அடகு வைத்துப் புரட்ட வேண்டிய தொகை. பணம் கட்டும் முன் என்னென்ன கேட்கலாம்?

தேர்வா, டூரா?

"உங்க பிள்ளை தேர்வாகியிருக்கார்" என்ற வார்த்தையில்தான் பல பெற்றோர் மயங்குறாங்க. போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைத் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2022-ல் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் 2023-ல் ஜப்பானுக்கும் அழைத்துச் சென்றது. செலவு அரசுடையது. அது தேர்வு. பணம் கட்டும் எல்லாரும் போகலாம் என்றால் அது டூர். அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மைய பார்வையாளர் வளாகத்துக்குக்கூட யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிப் போகலாம்.

தொகையைப் பிரிங்க

விமானம், விசா, தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் பஸ், நுழைவுச் சீட்டு, இன்சூரன்ஸ் என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்க. அதே தேதி, அதே விமானத்தின் கட்டணத்தை போனிலேயே பார்த்துவிடலாம். குரூப் டிக்கெட் சில சமயம் தனி டிக்கெட்டைவிடக் கூடுதலாக இருக்கும். பணத்தைத் தவணையில் கட்டலாம், பயணிகள் பெயரைப் பிறகு கொடுக்கலாம் என்ற வசதிக்கான விலை அது. சிங்கப்பூர் விசா கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அதற்கு மேல் ஏஜென்ட் கூலி எவ்வளவு என்று கேளுங்க. ஒரு ரூமில் இரண்டு பேரா, நாலு பேரா என்பதும் விலையை மாற்றும்.

ஆசிரியர் செலவு யார் தலையில்?

40 மாணவர்களுடன் 3 ஆசிரியர்கள் 'இலவசமாக' போறாங்க என்று வைப்போம். ஒருவருக்கு ரூ.80,000 செலவு என்றால் மொத்தம் ரூ.2,40,000. ஒரு மாணவருக்கு ரூ.6,000. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியருக்கு இதைக் கொடுப்பது நியாயமே. பள்ளி நிர்வாகியின் குடும்பமும் அந்த 'இலவச' லிஸ்ட்டில் இருக்கிறதா என்று கேட்பதும் நியாயம்தான்.

திரும்பக் கிடைக்கும் வரி

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்கும் நிறுவனம் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே வசூலிக்கும். இது 10 லட்சம் ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது. 2026 பட்ஜெட்டில் 2% ஆகக் குறைக்கப்பட்டது. ரூ.95,000-க்கு ரூ.1,900. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது இதைக் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் ரசீது பெற்றோரின் பான் எண்ணில் இருக்கணும். பள்ளியின் பான் எண்ணில் மொத்தமாகக் கட்டினால் வரவு பள்ளிக்கே போகும். ஜிஎஸ்டி சொன்ன தொகைக்குள்ளா, தனியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்க.

ஊரிலிருந்து ஏர்போர்ட் வரை

டூர் சென்னையில் தொடங்கினால், பனவடலிசத்திரத்துப் பிள்ளை சங்கரன்கோவில் போய் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிக்கணும். துணைக்கு ஒருவர் போய் வரணும். பாஸ்போர்ட்டுக்கு 18 வயதுக்குக் கீழ் ரூ.1,000, தட்கல் என்றால் இன்னும் ரூ.2,000. இதெல்லாம் நோட்டீஸில் வராத செலவு.

ரத்தானால்?

விசா கிடைக்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், தேர்வுத் தேதி மாறிவிட்டது. எந்த நாளுக்குள் சொன்னால் எவ்வளவு திரும்பும் என்பது எழுத்தில் இருக்கணும்.

டூர் ஏஜென்ட் லாபம் வைப்பது தப்பில்லை. அலைச்சலும் பொறுப்பும் அவங்களுடையது. கணக்கைப் பிரித்துக் காட்டும் பள்ளியிடம் ரூ.95,000 கூட நியாயமாக இருக்கலாம். பிரித்துக் காட்ட மறுத்தால், ரூ.60,000 என்றாலும் அவசரப்பட்டு நகையை எடுக்க வேண்டாம்.