கல் எழும் முன் நீதி எழட்டும்

நாகை மாவட்டம் வேதாரண்யத்தில் 2019 ஆகஸ்ட் 25 அன்று நடந்ததைக் காரைக்கால் மறந்துவிடக் கூடாது. வாகனம் மோதித் தலித் இளைஞர் ஒருவர் காயமடைந்தார். ஆத்திரமுற்றவர்கள் அந்த வாகனத்துக்குத் தீ வைத்தார்கள். பதிலுக்குத் திரண்ட இன்னொரு கும்பல், பலர் பார்த்திருக்க, அம்பேத்கர் சிலையை உடைத்தது. மறுநாளே அரசு அங்கே புதிய சிலையை நிறுவியது.

அந்த வேகத்தைப் பாராட்டலாம். ஆனால் அதே வேகம் வன்கொடுமை வழக்குகளில் ஏன் வருவதில்லை? 1968 டிசம்பர் 25 அன்று இதே நாகை மண்ணில், கீழ்வெண்மணியில், 44 தலித்துகள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட உழைப்பாளிகளின் குடும்பங்கள் அவை. மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பின் கசப்பு தலைமுறை தாண்டியும் ஆறவில்லை.

நாகையையும் காரைக்காலையும் பிரிக்கும் வாஞ்சூர் எல்லையோடு சாதி நின்றுவிடுவதில்லை. நமது மாவட்டத்தின் தனித் தொகுதியான நெடுங்காட்டில் வென்று புதுச்சேரி அமைச்சரான சந்திர பிரியங்கா, 2023 அக்டோபரில் பதவி விலகல் கடிதம் கொடுத்தபோது, சாதி, பாலினப் பாகுபாட்டுக்கு ஆளானதாக எழுதினார். அமைச்சரவையில் இருந்த பெண்ணே இப்படிச் சொல்ல நேர்ந்தால், வயலிலும் மீன்பிடித் துறையிலும் கூலிக்கு நிற்பவர் யாரிடம் போய் முறையிடுவார்?

முறையீடு கேட்கப்படாத ஊரில்தான் கல் எழுகிறது. கல் எழுந்ததும் அதிகாரம் உடைந்த கண்ணாடிகளை எண்ணத் தொடங்குகிறது. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்ததைக் காட்டித்தான் 13 பேரைச் சாய்த்த துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தினார்கள். அது தேவையற்ற துப்பாக்கிச் சூடு என்று அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் சொன்னது. போன உயிர்கள் திரும்பவில்லை.

ஆகவே இளைஞர்களுக்கு உரிமையோடு சொல்கிறோம்: தீ வைக்காதீர்கள். பொதுச் சொத்துக்குத் தீ வைத்தால் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை. அதைவிடப் பெரிய இழப்பு, பாதிக்கப்பட்டவரின் வழக்கு குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்காக மாறிவிடுவது. 2020இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவலரின் முழங்காலுக்கடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தார். நகரம் எரிந்தது, காவல் நிலையமே எரிந்தது. ஆனால் அடுத்த ஆண்டு அந்தக் காவலர் தண்டிக்கப்பட்டபோது, நீதிமன்றத்தில் வலுவாக நின்றது 17 வயதுப் பெண் கைப்பேசியில் எடுத்த காணொளி. சாட்சியத்தைக் காப்பாற்றுங்கள், அதுதான் உங்கள் ஆயுதம்.

அமைதி காக்கும்படி மக்களிடம் மட்டும் சொல்வது நேர்மையாகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் விதிகளும் அரசுக்குக் கெடு வைத்திருக்கின்றன: 60 நாட்களுக்குள் புலன் விசாரணை; குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து கூடுமானவரை 2 மாதத்தில் தீர்ப்பு; மாவட்டக் கண்காணிப்புக் குழுக் கூட்டம் 3 மாதத்துக்கு ஒரு முறையேனும். காரைக்கால் மாவட்ட நிர்வாகம் இக்குழு கூடிய நாட்களையும், நிலுவையிலுள்ள வழக்குகளின் நிலையையும் மக்கள் முன் வைக்க வேண்டும். அமைதியான ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்தால், காரணத்தை அன்றே எழுத்தில் தர வேண்டும். மூன்று புறமும் தமிழக எல்லை என்பதால், நாகை, மயிலாடுதுறை காவல் துறைகளோடு பதற்றம் மூளும் முன்பே கலந்து செயல்பட வேண்டும்.

புகார் கொடுக்க வருகிறவரைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துக் கேட்பதற்குத் தனிச் சட்டம் எதுவும் வேண்டாம், மனம் போதும். அதை இன்று செய்யத் தவறும் நிர்வாகம், நாளை தெருவில் கல் விழும்போது மக்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.