புரியாத பேச்சு

உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மாணாக்கன் சொல்வது தமக்குப் புரியாவிட்டால், தவறு அவனுடையதே என்று தீர்மானித்து விடுவார்கள். சென்ற மாதம் அந்த வியாதி நமக்கு முற்றிப்போய், ஓர் உயிரையே வாங்கிவிட்டது. வாசகர்கள் பயப்பட வேண்டாம். போனது கட்டைவிரல் அகலமுள்ள ஒரு மின்பலகையின் உயிர்தான்.

பதினோராம் வகுப்பு மாணாக்கன் ஒருவனுடைய தாயார், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, முழங்கால் வலியோடு தினமும் மாடி ஏறுகிறாராம். கீழேயிருந்தபடியே அதை அறிவதற்கு ஒரு கருவி செய்ய வேண்டும் என்பது பையனுடைய எண்ணம். அதற்காகக் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து, ஈ.எஸ்.பி.-8266 என்னும் மைக்ரோகண்ட்ரோலர் பொருத்திய பலகை ஒன்றும், யு.எஸ்.பி.-சீரியல் அடாப்டர் ஒன்றும் வாங்கி வந்திருந்தான்.

இந்த அடாப்டரை ஒரு துபாஷி என்றே சொல்லலாம். கம்ப்யூட்டர் பேசுவது 1996-ஆம் வருஷத்தில் வெளிவந்த யு.எஸ்.பி. பாஷை. பலகைக்குத் தெரிந்ததோ, எழுத்துக்களை ஒற்றைக் கம்பியில் பிட் பிட்டாக அனுப்பும் பழைய சீரியல் பாஷை. இரண்டுக்கும் நடுவில் நின்று துபாஷி பேச்சை மாற்றித் தருகிறான். டி.எக்ஸ். முனை வாய், ஆர்.எக்ஸ். முனை காது. ஒருவர் வாயை மற்றவர் காதோடு சேர்க்க வேண்டும். இருவருடைய தரை முனைகளையும் ஒன்றாக இணைக்க வேண்டும். வேகமும் ஒன்றாயிருக்க வேண்டும். விநாடிக்கு 9600 பிட் என்று வைத்தால், ஓர் எழுத்துக்கு ஆரம்பமும் முடிவும் சேர்த்து 10 பிட் ஆகிறபடியால், விநாடிக்கு 960 எழுத்துக்கள் செல்லும். கேட்பவன் வேறு வேகத்தில் கேட்டால், பிட்டுகளைத் தவறான இடத்தில் பிரித்துக் கிறுக்கலாகப் படிப்பான்.

பையன் இதெல்லாம் அறிந்தவன். அடாப்டரின் வாயையும் காதையும் ஒரு கம்பியால் இணைத்து, தட்டிய எழுத்து திரும்பி வருகிறதா என்றுகூடச் சோதித்திருந்தான். அது சரியாகவே வந்தது. பலகையைச் சேர்த்தால் மட்டும் திரையில் கிறுக்கல்.

"வோல்ட் போதவில்லை" என்றோம் நாம்.

"புஸ்தகத்தில் 3.3 வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறது, ஸார்!"

"புஸ்தகம் நமக்கும் படிக்கத் தெரியும்" என்று சொல்லி, அடாப்டரிலிருந்த ஜம்பரை 5 வோல்ட்டுக்கு மாற்றினோம். பலகை சுட்டது, கிறுக்கலும் நின்றது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

அன்றிரவு, முன்பே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தோம். அதாவது, புஸ்தகத்தைப் படித்தோம். 26 மெகாஹெர்ட்ஸ் படிகம் பொருத்திய இத்தகைய பலகைகள், மின்சாரம் கிடைத்தவுடன் முதல் செய்தியை விநாடிக்கு 74880 பிட் வேகத்தில் சொல்லுகின்றன. நாமோ 115200 வேகத்தில் காதை வைத்துக் கொண்டிருந்தோம். அது பிதற்றவில்லை, நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

மறு வாரம் நம் செலவில் வேறு பலகை வாங்கினோம். ஜம்பர் 3.3-இலேயே இருந்தது. சில அடாப்டர்களின் 3.3 வோல்ட் முனை 50 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். இந்தப் பலகையோ, வைஃபையில் செய்தி அனுப்பும்போது அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கேட்கும். ஆகவே தனியாக 3.3 வோல்ட் மின்சாரம் கொடுத்து, தரையை மட்டும் பொதுவாக வைத்தோம். வேகத்தை 74880 ஆக்கியதும், கிறுக்கல் இருந்த இடத்தில் சுத்தமான இங்கிலீஷ் வரிகள் தோன்றின. பிறகு பையன், ஜி.பி.ஐ.ஓ.-0 முனையைத் தரையோடு சேர்த்து மறுபடி மின்சாரம் கொடுத்துத் தன் புரோகிராமை ஏற்றினான்.

நம் தவற்றை வகுப்பார் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம். அது கொஞ்சம் கசந்தது. ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைகள் நம்மிடம் அதிகமாகக் கேள்வி கேட்கிறார்கள். யாராவது தடுமாறிப் பதில் சொன்னால், நாம் எந்த வேகத்தில் கேட்கிறோம் என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கிறோம்.

பையனுடைய தாயார் இப்பொழுது மாடி ஏறுவது வடாம் காயப் போடுவதற்கு மட்டுமேயாம்.