பேனல் பாவம்!



வேனில் பின் சீட்டுக்கு ஏ.சி. வரவில்லை என்று டிரைவர் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றால் இன்று கிடைக்கும் முதல் பதில் என்ன தெரியுமா? "பின் பேனல் போச்சுண்ணே, புதுசு மாத்திடலாம்." மீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே வந்துவிடும் பதில் இது. விடுமுறையில் நான் பயிற்சிக்குப் போன இடத்திலும் இதே பாட்டுதான். இது மெக்கானிக் வேலையா, வியாபாரமா?

பின்புற ஏ.சி. ஒன்றும் மாயமில்லை. கம்ப்ரஸர் முன்னால் இருப்பதுதான். பின்னால் தனி எவாப்பரேட்டர், தனி புளோயர். பேனலில் ஒரு திருகு ஸ்விட்ச். பல வேன்களில் குறைந்த வேகங்களுக்குக் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும். கடைசி வேகத்துக்கு மட்டும் நேராகப் போகும். ஆகவே கடைசி வேகத்தில் மட்டும் காற்று வீசி மற்றதில் ஓடவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் ரெசிஸ்டர். பேனல் பாவம்! காற்று வருகிறது, குளிர்தான் இல்லை என்றால் முதலில் கேஸையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் பார்க்க வேண்டும். எந்த வேகத்திலும் ஓடவில்லையா? ஃபியூஸ், ரிலே, எர்த் பார்த்துவிட்டு, கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இன்னொன்று. ஸ்விட்சும் கப்ளரும் கருகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஏன் கருகியது? புளோயர் மோட்டார் இறுகிப்போய்க் கூடுதல் ஆம்பியர் இழுத்திருக்கும், அல்லது கப்ளர் முனை தளர்ந்து சூடேறியிருக்கும். அதைக் கவனிக்காமல் போட்டால் புதுப் பேனலும் கருகும். கல்யாண வாடகை, வேளாங்கண்ணி வாடகை என்று ராத்திரி பகலாக ஓடித் தவணை அடைக்கிற மனிதர் இரண்டாம் தடவையும் பணம் கட்டுவார்.

மாற்றவே கூடாது என்று நான் வாதாடவில்லை. மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே போர்டு பச்சை பூத்துவிட்டால் மாற்றுவதுதான் சரி. வேலையும் சின்னது. பேட்டரி நெகடிவைக் கழற்றி, பிளாஸ்டிக் பட்டையால் கிளிப்புகளை நெம்பி, கப்ளரின் பூட்டை அழுத்தி எடுக்க வேண்டும். (வயரைப் பிடித்து இழுக்கிற வீரர்களையும் பார்த்திருக்கிறேன்!) பாகத்தின் எண் ஒத்துப்போக வேண்டும், சில புது மாடல்களில் ஸ்கேனரில் பதிந்தால்தான் வேலை செய்யும். ஸ்விட்ச் பேனலை மாற்ற கேஸ் லைனைத் தொடவே தேவையில்லை. பில்லில் "கேஸ் ஃபில்லிங்" என்று ஒரு வரி இருந்தால் எதுக்கு என்று கேளுங்கள்.

கழற்றி மாட்ட டிப்ளமோ எதற்கு? ஆறு மாதம் ஒர்க்‌ஷாப்பில் நின்ற தம்பி நம்மைவிட வேகமாகக் கழற்றுவான். எங்கே போச்சு என்று சொல்லத்தான் நாம் மூன்று வருடம் படிக்கிறோம். ஆனால் நம் லேபில் வெட்டி வைத்த இன்ஜின் இருக்கிறது. தொட்டுப் பார்க்க ஓர் ஏ.சி. வயரிங் இல்லை. பழைய வண்டி உடைக்கிற கடையில் பின் புளோயர், பேனல், ரெசிஸ்டர் மூன்றையும் பேரம் பேசி வாங்கிவிடலாம். சங்க நிதியில் வாங்கி ஒரு பலகையில் பொருத்துவோம். ஒருவர் பழுதை ஒளித்து வைக்கட்டும், மற்றவர் மீட்டரால் கண்டுபிடிக்கட்டும். பலகை என் பொறுப்பு.