சொல்லுக்கு அஞ்சுவோர் பிள்ளைகளா, பெரியவர்களா?

"பிள்ளைகளுக்கு எழுதும் நூலில் அருஞ்சொல் வேண்டா! அவர்கட்கு விளங்காது, நூலை மூடி வைத்துவிடுவர்!" தமிழில் சிறுவர்க்கென எழுதப் புகுவார் எவர்க்கும் முதற்கண் வழங்கப்படும் அறிவுரை இதுவே. எழுதுவோரும் இதனை நம்பித் தம் நடையைத் தாமே நறுக்கிக்கொள்கின்றனர். 'கதிரவன்' வெட்டுண்டு 'சூரியன்' அமர்கிறது. 'மகிழ்ச்சி' விலக்குண்டு 'சந்தோசம்' நுழைகிறது. கேட்டால், "பிள்ளைகளுக்காக!" என்பர்.

பிள்ளைகளுக்காகவா? இவ்வறிவுரை கூறுவோர் வீட்டினுட் சென்று பார்க்க! மூன்று அகவைக் குழவியை விருந்தினர்முன் நிறுத்தி, கனிகளின் பெயரையும் விலங்குகளின் பெயரையும் ஆங்கிலத்தில் ஒப்புவிக்கச் செய்து உள்ளம் பூரிக்கின்றனர். பல கோடி ஆண்டுகட்கு முன் அழிந்துபோன தொன்மா விலங்குகளின் நீண்ட அயற்பெயர்களை ஐந்து அகவைச் சிறுவன் மூச்சுவிடாமல் அடுக்குகிறான், பெற்றோர் கைதட்டுகின்றனர். அப்பெயர்கள் அருஞ்சொற்கள் அல்லவோ? அவை நாவிற்கு எளியனவோ? அவற்றுக்குச் சுருங்காத பிள்ளையின் நாக்கு, 'ஞாயிறு' என்றவுடன் மட்டும் சுளுக்கிக்கொள்ளுமோ?

புதுச்சொல்லைக் கண்டு பிள்ளை என்றும் அஞ்சியதில்லை. அஞ்சுவோர் பெரியவர்களே! இதற்குச் சான்று வேண்டுவோர் நெடுந்தொலைவு போக வேண்டா. தனித்தமிழ் இயக்கத்தின் தோற்றமே சான்று.

1916ஆம் ஆண்டு. சென்னைக்கு அணித்தாகிய பல்லாவரம். ஒரு வீட்டுத் தோட்டத்தில் தந்தையும் மகளும் உலவிக்கொண்டிருந்தனர். தந்தையார், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசானாய் விளங்கிய வேதாசலனார். மகளார் நீலாம்பிகை, 1903இல் பிறந்தவர். அப்போது அவர்க்கு அகவை பதின்மூன்று. தந்தையார் வள்ளலாரின் திருவருட்பாவினின்று ஒரு பாட்டைப் பாடினார். பாடியவர், அதில் 'தேகம்' என்னும் வடசொல் நின்ற இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் எத்துணை இனிமையாய் இருந்திருக்கும் என மகளுக்கு எடுத்துரைத்தார். அயற்சொல் வந்து புகப் புக, அங்கிருந்த தமிழ்ச்சொல் வழக்கு வீழ்ந்து ஒழிவதையும் விளக்கினார்.

பதின்மூன்று அகவைச் சிறுமி என்ன செய்தார்? "இஃது எனக்கு விளங்காத செய்தி" என்று ஓடிவிட்டாரா? "எளிய சொல்லே போதும்" என்றாரா? இல்லை! இனி அயன்மொழிச் சொல் கலவாமல் தமிழிலேயே பேசுவதும் எழுதுவதும் எனத் தந்தையும் மகளும் அன்றே உறுதி பூண்டனர். இந்நிகழ்வை அவ்வம்மையாரே பின்னாளில் தம் 'தனித்தமிழ்க் கட்டுரைகள்' நூலின் முன்னுரையில் எழுதி வைத்தார். வேதாசலம் மறைமலை ஆனார். அவர் நடத்திய 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆயிற்று. மக்களுள் திருஞானசம்பந்தன் அறிவுத்தொடர்பு ஆனார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். ஒரு மொழியின் வரலாற்றையே திருப்பிய அவ்வுறுதியில் பாதி, ஒரு சிறுமியின் உள்ளத்தில் வேர்கொண்டது!

அவ்வுள்ளம் திடுமென முளைத்ததன்று. நூல்களுக்காகவே வாழ்ந்த ஒருவரின் வீட்டில் வளர்ந்த உள்ளம் அது. அடிகள் தம் வாழ்நாள் முழுதும் தேடித் தேடிச் சேர்த்த நூல்களே, அவர் மறைவுக்குப்பின் 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையமாய் மலர்ந்தன. அத்தகைய நூல்களின் நடுவே, தந்தையையே ஆசானாய்க் கொண்டு, தமிழைத் தாய்ப்பாலோடு உண்டவர் நீலாம்பிகை. சிறு அகவையில் காதலோடு கற்ற நூல், பதின்மூன்றாம் அகவையில் ஒரு சொல்லின்மேற் காதலாய்க் கனிந்தது. அக்காதல் அதனோடு அமையவில்லை. 'வடசொற்றமிழ் அகரவரிசை' தொகுக்கும் உழைப்பாய் வளர்ந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்த 1938இல், ஈ.வெ.ரா. அவர்கட்குப் 'பெரியார்' என்னும் பட்டம் வழங்கிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் ஆற்றலாய் உயர்ந்தது. 1945இல் அவ்வம்மையார் மறைந்தபோது அகவை நாற்பத்திரண்டே. ஆயினும் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை.

'யாக்கை' என்னும் அச்சொல்லில் ஒரு சிறுமியை ஈர்க்க என்ன இருந்தது? யாத்தல் என்றால் கட்டுதல். எலும்பும் தசையும் நரம்பும் சேர்த்துக் கட்டப்பட்டதாதலின் உடம்பு யாக்கை. அசையும் சீரும் அடியும் சேர்த்துக் கட்டப்படுதலின் செய்யுளுக்கு அமைவது யாப்பு. உடம்பும் பாட்டும் ஒரே வேரிற் பூத்த இரு மலர்கள்! இதனை முதன்முதல் உணரும் பிள்ளையின் கண்ணில் ஓர் ஒளி தோன்றும். அவ்வொளியை எந்தத் 'தேகம்' தரும்? வடமொழியில் அச்சொல்லுக்கு உற்றார் உறவினர் இருக்கலாம். வடமொழி பயில்வார்க்கு அவர்களைத் தெரியும். தமிழ்ப்பிள்ளைக்கோ அது தாயும் தந்தையும் அறியப்படாத வழிப்போக்கன். யாக்கையோ கதவு, திறந்தால் அடுத்த அறை தெரியும்.

இளமையிற் கற்ற சிறு சொற்களே பின்னாளில் பெருஞ்சொற்களைத் திறக்கும் திறவுகோல்கள். காகம் கரையும் என்று முதல் வகுப்பிலேயே பிள்ளை படிக்கிறது. பத்தாண்டு கழித்து, கடற்கரையில் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கிற்குக் 'கலங்கரை விளக்கம்' என்று பெயர் என அறிகிறது. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கு! வீட்டுக் கூரைமேல் விருந்தைக் கரைந்த அதே காகத்தின் சொல், சிலப்பதிகாரப் புகார்த்துறையில் நின்று மரக்கலங்களை அழைக்கிறது. இந்த இன்பத்திற்கு எந்த விளையாட்டுப் பொருள் ஈடு?

விலங்கின் குட்டிகளைக் கண்டு மகிழாத பிள்ளை உண்டோ? அவற்றின் இளமைக்கெனத் தொல்காப்பியர் மரபியலில் தொகுத்த பெயர்கள் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. பறவைக்குப் பார்ப்பு, புலிக்குக் குருளை, யானைக்குக் கன்று. இவ்வாறே மாவின் பிஞ்சுக்கு வடு, பலாவின் பிஞ்சுக்கு மூசு, வாழையின் பிஞ்சுக்குக் கச்சல், தென்னையின் பிஞ்சுக்குக் குரும்பை எனப் பாவாணர் எடுத்துக்காட்டிய சொல்வளத்தைப் படத்தோடும் கதையோடும் பிள்ளையின் கையிற் கொடுத்துப் பார்க்க! உண்ணவும் மறந்து படிக்கும். இத்துணைச் செல்வத்தையும் பூட்டி வைத்துவிட்டு, எல்லாவற்றிற்கும் 'குட்டி' ஒன்றே போதும், 'பிஞ்சு' ஒன்றே போதும் என்று கையளவு சொல்லை மட்டும் ஈவது பரிவா? பசித்த பிள்ளைக்குச் சோற்றை அளந்து போடும் மாற்றாந்தாய்ச் செயல் அன்றோ!

"பண்டைத் திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை நெட்டுருச் செய்வித்து வாட்டினார்களே, அந்நாள் மீள வேண்டுமா?" என்று வினவுவாரும் உளர். வேண்டா. பொருளுணராது உருப்போடுதல் சொல்லறிவு ஆகாது. இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பர்களும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் நன்று. அயற்சொல் இடப்புறம், தமிழ்ச்சொல் வலப்புறம் என நீண்ட பட்டியலைப் பிள்ளைகளின் கையிற் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று அமர்வோர் நம்மிடையே இல்லையா? பட்டியல் பெரியவர்க்குப் பயன்படும். பிள்ளைக்கு வேண்டியது கதை, பாட்டு, விடுகதை, படம். சொல் அவற்றுள் உயிரோடு உலவ வேண்டும். பல்லாவரத்துச் சிறுமி அன்று பெற்றது பட்டியலன்று, தந்தையின் பாட்டு.

செய்ய முடியாத செயலும் அன்று இது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்து மடலங்களாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அறிவியலையும் வரலாற்றையும் தமிழ்ப்பிள்ளைக்குத் தமிழிலேயே சொல்ல முடியும் என்பதை அப்பத்து மடலங்களும் நிலைநாட்டின. பாவாணர் 1974இல் பொறுப்பேற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி, அவர் 1981இல் மறைந்த பின்னரும் தொடர்ந்து, மடலம் மடலமாய் வெளிவந்தது. ஊற்று உண்டு, வாய்க்கால்தான் வெட்டப்படவில்லை. அகரமுதலியில் உறங்கும் சொல்லைச் சிறுவர் கதைக்குக் கொண்டுவரும் எழுத்தாளர் எத்தனை பேர்? தமிழை ஒரு பாடமாகவேனும் எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்க வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2006இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆங்கிலேயனுக்குத் தன் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சட்டம் வேண்டியதுண்டோ? "எம் பிள்ளைக்குத் தமிழ் வராது" என்பதைப் பட்டம் பெற்றதுபோற் பெருமையாய்ச் சொல்லும் பெற்றோர் இம்மண்ணிலன்றி வேறெங்கேனும் உளரோ? இதனினும் மானக்கேடு பிறிதில்லை.

ஒரு சொல் எப்போது இறக்கிறது? அகரமுதலியினின்று நீக்கப்படும்போதன்று. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் நாவிற்கு அது கொடுக்கப்படாதபோதே இறந்துவிடுகிறது. பின்னர் அகரமுதலியில் இருப்பது அதன் கல்லறையெழுத்து. ஆதலின் சிறுவர் நூலில் ஒரு தமிழ்ச்சொல்லை வெட்டி எறிகின்றவர் எளிமை செய்யவில்லை. அச்சொல்லின் கால்வழியை அறுக்கிறார்.

தமிழ்ப் பெற்றோர் எண்ணிப் பார்க்க! பிறந்தநாட் பரிசாய்ப் பளபளக்கும் பொருள்களை வாங்கிக் குவிக்கும் கை, ஒரு தமிழ் நூலை வாங்கக் கூசுவது ஏன்? உறங்கப்போகும் முன் கைப்பேசியைக் கொடுக்கும் கை, ஒரு கதைநூலைப் பிரித்துப் படித்துக் காட்டினால் என்ன? பிள்ளை "இச்சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்கும் அந்நொடியே தமிழ் வாழும் நொடி. தெரிந்தால் சொல்லுக! தெரியாவிட்டால் நாணாமல் அகரமுதலியை எடுத்து இருவரும் சேர்ந்து தேடுக! "அதெல்லாம் உனக்கெதற்கு?" என்று மட்டும் சொல்லற்க!

1916இல் ஒரு தந்தை தம் மகளிடம் அவ்வாறு சொல்லியிருப்பின், இன்று தனித்தமிழ் என்று சொல்லவும் நமக்கு நா இருந்திராது.