2050 மழையைச் சொல்லும் முன் கம்மாபுரத்து மண்ணை அளந்து பாருங்கள்!

மாவட்ட வாரியாக வண்ணம் பூசிய அந்த வரைபடத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2050-ல் கடலூருக்கு இத்தனை சதவிகிதம் மழை, இத்தனை டிகிரி வெயில் என்று தசமப் புள்ளியோடு போட்டிருப்பார்கள். காலநிலை பற்றிய கருத்தரங்கு என்றால் இப்படி ஒரு ஸ்லைடாவது வந்துவிடும். எல்லோரும் தலையாட்டுவோம். அப்புறம் டீ, சமோசா, கலைந்துவிடுவோம்.

அந்தத் தசமப் புள்ளி மேல்தான் எனக்குக் கோபம்.

உடனே என்னை "புவி சூடாதல் எல்லாம் கட்டுக்கதை" கோஷ்டியில் சேர்த்துவிடாதீர்கள், மக்களே. உலகம் சூடாகிறது, காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும். இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. உலக சராசரி வெப்பநிலை எப்படி ஏறும் என்பதைக் காலநிலை மாதிரிகள் பல பத்தாண்டுகளாக நன்றாகவே சொல்லி வந்திருக்கின்றன. ஆனால் உலக சராசரியில் யாரும் நாற்று நடுவதில்லை. கம்மாபுரத்தில்தான் நடுகிறார்கள்.

இந்த மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. உலக அளவிலான மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டம் சுமார் 100 கிலோமீட்டர் நீளம், 100 கிலோமீட்டர் அகலம். புதுச்சேரியிலிருந்து மயிலாடுதுறை வரை கிட்டத்தட்ட ஒரே கட்டம்! வீராணம் ஏரி, பிச்சாவரம் சதுப்புக்காடு, நெய்வேலிச் சுரங்கம், பண்ருட்டி முந்திரித்தோப்பு, நம்ம கம்மாபுரம் வயல், பாதி வங்கக்கடல் எல்லாம் சேர்த்து அரைத்த ஒரே சட்னி. 25 கிலோமீட்டர் கட்டத்தில் கணக்கிட்டோம் என்பவர்களும், ஓரத்தில் வரும் காற்றையும் ஈரத்தையும் பெரிய மாதிரியிடமிருந்துதான் கடன் வாங்குகிறார்கள். கடன் கொடுத்தவன் கணக்கு தப்பென்றால் வாங்கியவன் கணக்கும் தப்புதான்.

அடுத்தது இடிமழை. சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு மேகத்தை 100 கிலோமீட்டர் கட்டத்தால் பார்க்க முடியாது. எனவே ஒரு உத்தேசச் சூத்திரம் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். விளைவு? வெப்பமண்டல நிலப்பகுதியில் பல மாதிரிகள் நண்பகலிலேயே மழையைக் கொட்டிவிடும். அதையும் அடிக்கடி, தூறலாக. ஆடி, ஆவணியில் விருத்தாசலம் பக்கம் மழை எப்போது வரும் என்று ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேளுங்கள். சாயங்காலத்துக்கு மேல் இடி மின்னலோடு என்பார். அவரிடம் சூப்பர் கம்ப்யூட்டர் கிடையாது.

இதெல்லாம் விஞ்ஞானிகளுக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும். தீர்வாக அவர்கள் கேட்பது சின்னக் கட்டமும் பெரிய கம்ப்யூட்டரும். 2024 செப்டம்பரில் புனேயிலும் நொய்டாவிலும் அர்கா, அருணிகா என்று இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் சுமார் 850 கோடி ரூபாயில் வந்தன. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்தில் ஓடும் பாரத் முன்னறிவிப்பு அமைப்பும் வந்தது. வரவேற்கிறேன். இடிமழை விஷயத்தில் சின்னக் கட்டம் நிஜமாகவே உதவும். ஆனால் அது அடுத்த சில நாட்களுக்கான வானிலை. 2050 காலநிலைக்கு அதுமட்டும் போதாது. ஏன் என்றால் மண்!

வெப்பமண்டலத்தில் மண் சும்மா கிடப்பதில்லை. ஈரமான மண் ஆவியை மேலே அனுப்பித் தரையைக் குளிர்விக்கும். காய்ந்த மண் வெயிலை அப்படியே காற்றுக்குக் கொடுக்கும். மண் ஈரம் மழையை எங்கே அதிகம் பாதிக்கிறது என்று 2004-ல் ஒரு டஜன் மாதிரிகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் அப்படி அகப்பட்ட முக்கிய இடங்களில் இந்தியாவும் ஒன்று.

இப்போது கம்மாபுரம் வட்டாரத்தைப் பாருங்கள். நெல்லும் கரும்பும் மழையை மட்டும் நம்பி இல்லை. போர் தண்ணீரில் வளர்கின்றன. பக்கத்தில் நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும். அப்படி வெளியேறும் தண்ணீர் வாலாஜா ஏரி வழியாக வயல்களுக்கும் போகிறது. அதாவது இங்கே மண் ஈரத்தைத் தீர்மானிப்பதில் வானத்துக்கு ஒரு பங்கு, மோட்டாருக்கு ஒரு பங்கு. ஐபிசிசி அறிக்கைக்குப் பயன்பட்ட உலக மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் பாசனமே கிடையாது! மோட்டார் இல்லாத கம்மாபுரத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, மோட்டார் ஓடும் கம்மாபுரத்துக்குப் பலன் சொல்கிறார்கள்.

கட்டத்தை 1 கிலோமீட்டராகச் சுருக்கினாலும் இந்தத் தப்பு போகாது. தப்பு இன்னும் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான்.

2021-ல் ஐபிசிசி என்ன செய்தது தெரியுமா? புதிய மாதிரிகள் சில அளவுக்கு மீறிச் சூடாவதைப் பார்த்து, அவற்றின் சராசரியை அப்படியே எடுக்காமல், நிஜத்தில் அளந்த வெப்பநிலையோடு ஒப்பிட்டுத் திருத்தியே எதிர்கால உயர்வைச் சொன்னது. உலகம் முழுக்க வெப்பமானி இருந்ததால் அது முடிந்தது. நம் வயலின் ஆவியாதலை எதை வைத்துத் திருத்துவது?

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். நம் மாவட்டத்திலேயே செய்திருக்கிறார்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் கோபுரம் நட்டு, காடு விடும் நீராவியையும் கரியமில வாயுவையும் நொடிக்கு நொடி அளந்தார்கள். புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் அதில் உண்டு. காட்டுக்குச் செய்ததை நெல் வயலுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் செய்தால் என்ன?

இது வெறும் அறிவியல் வாய்ச்சண்டை இல்லை. 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மாவட்டம் மூழ்கியது. அடுத்த வருஷமே வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. இரண்டு வருஷத்துக்கும் சராசரி போட்டால் "ஏதோ சுமாரான மழை" என்று வரும். அந்தச் சராசரியை நம்பி வடிகால் அகலத்தையும், ஏரி கொள்ளளவையும், பயிர்க் காப்பீட்டையும், சம்பா ரகத்தையும் முடிவு செய்தால் நஷ்டம் யாருக்கு? ஸ்லைடு போட்டவருக்கு நிச்சயமாக இல்லை.

ஆகவே நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்திலும் மண் ஈரமானியும் ஆவியாதல் கோபுரமும் நிறுவி, இருபது வருஷம் விடாமல் அளக்க வேண்டும்; தரவு யாரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். இரண்டு, பாசனமும் சுரங்க நீரும் நம் நாட்டு மாதிரிகளுக்குள் வர வேண்டும். ஐபிசிசிக்கு மாதிரி அனுப்பும் நிறுவனம் புனேயில் இருக்கும்போது, இதையும் வெளிநாட்டுக்காரன் வந்து செய்வான் என்று காத்திருப்பது வெட்கக்கேடு. மூன்று, அதுவரை மாவட்ட வரைபடத்தில் ஒற்றை எண் போடாதீர்கள். "இதிலிருந்து இது வரை போகலாம், மாதிரிகள் ஒத்துப்போகவில்லை" என்று பச்சையாக எழுதுங்கள். விவசாயிக்கு நிச்சயமின்மை புதிதில்லை. காலங்காலமாக அதோடுதான் குடும்பம் நடத்துகிறார்.

அவரால் தாங்க முடியாதது பொய்யான நிச்சயம்.